ஒரு லிட்டர்

காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்
சாயங்காலம் அப்படியே வரும்.
மூடிக்கு முத்திரை வைத்ததுபோல
ஒரு சொட்டு குறைந்திருக்காது.
கொண்டைக்கடலை ஊறப்போட, கற்றாழைக்கு ஊற்ற
அதையே எடுத்துக்கொண்டேன்.
மூன்று மாதம்.
சிப்காட் கேண்டீனில்
நாளுக்கு அறுநூறு டம்ளர் கழுவுகிறவள்
ஒரு பாட்டில் ஏன் நிறைந்தே திரும்புகிறது என்று
கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
நீர்க்கடுப்பு என்றார்கள். இது மூன்றாம் முறை.
"பையன் தண்ணி குடிக்கிறானா?"
டாக்டரம்மா கேட்டது என்னை.
நீ சுவரைப் பார்த்துச் சொன்னாய்:
"குடிச்சா போகணும்ல."

மிச்சத்தைக் கெடிலம் பாலத்தில்
பஸ் நெரிசலில் சிக்கி நின்றபோது சொன்னாய்,
என் முகத்தைப் பார்க்காமல்,
தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்து.
பையன்கள் பக்கம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறார்கள்.
சுவரில் கரியால் உன் பெயர், பக்கத்தில் ஒரு படம்.
பெண்கள் பக்கம் போனால் டீச்சர் விரட்டுகிறார்.
எட்டரையிலிருந்து நாலரை வரை
உதட்டை மட்டும் நக்கி ஈரமாக்கிக்கொண்டு
பத்தாம் வகுப்பு படித்திருக்கிறாய்.

போன தீபாவளிக்கு
உன் பையிலிருந்த கண்மை டப்பாவை
அடுப்பில் போட்டவள் நான்.
பிளாஸ்டிக் எரிந்த நாற்றம்
இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை.
அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றியதில்
என் கையும் உண்டு.

உன்னோடு பேசும்போது கஷ்டமில்லை.
நீ வந்தாய், நீ சாப்பிட்டாய், நீ தூங்கு.
"டா" போடுவதை மட்டும் நிறுத்தியிருந்தேன்.
ஊரோடு பேசும்போதுதான் நாக்கு இடறுகிறது,
வினைச்சொல்லின் வாலில்.
ஹெச்.எம். அறையில் சொன்னேன்,
"எம் பிள்ளை தண்ணி குடிக்க மாட்டேங்குது."
குடிக்குது, வருது, போகுது.
கைக்குழந்தைக்குச் சொல்வதைப்
பதினைந்து வயதுக்குச் சொன்னேன்.
வேறு கிடைக்கும்வரை இது இருக்கட்டும்.

"சர்க்குலர் வந்தால் பார்க்கலாம்" என்றார்.
"வர்ற வரைக்கும் அடக்கிக்கணுமா சார்?"
கேட்டது நானில்லை.
கையெழுத்து வாங்க நோட்டோடு வந்த
லேப் அட்டெண்டர் ஞானசௌந்தரி.

பயாலஜி லேபுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ்.
உடைந்த ஸ்டூலும் தவளை ஜாடியும் அடைத்து
எத்தனையோ வருஷமாய்ப் பூட்டு.
சனிக்கிழமை காலி செய்தோம்.
மரகதம் வந்தாள்.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
இட்லிக்கடை வைத்திருக்கும் திருநங்கை.
கேட்டோடு நின்றுவிட்டாள்.
"எட்டாவதுல இதத் தாண்டி ஓடுனவ.
உள்ள வரலக்கா. இத மட்டும் மாட்டிடுங்க."
தினத்தாளில் சுற்றிய பித்தளைத் தாழ்ப்பாள்.
நாலு ஸ்க்ரூ போதும். ஐந்து இருந்தது.

தாஹிராவும் அந்தோணிராஜும்
பினாயில் ஊற்றித் தேய்த்தார்கள்.
எட்டிப் பார்த்தவர்களில் அவனும் ஒருவன்.
நீ சொல்லவில்லை. அவனே சொன்னான்,
வாளியைத் தூக்கியபடி, யாரிடம் என்றில்லாமல்.
நீ பதில் பேசவில்லை.
துடைப்பத்தை மட்டும் அவன் பக்கம் தள்ளினாய்.

பி.டி. வாத்தியார் இன்னமும்
ஒரு எண்ணைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுகிறார்.
புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
தாஹிராவின் அப்பா போட்டார், வேன் டிரைவர் போட்டார்,
பதினோரு கையெழுத்து.
ஞானசௌந்தரி போட்டதற்கு மெமோ வந்திருக்கிறது.
எங்களுக்குப் பதில் வரவில்லை.

நேற்று பாட்டில் காலியாக வந்தது.
குலுக்கிப் பார்த்தேன், நம்பாமல்.
இன்று பாட்டிலே வரவில்லை.
"எங்கடி வச்ச?
நூத்தி எண்பது ரூபா!"
தெருவே கேட்கக் கத்தினேன்.
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நீ
சட்டென்று நிமிர்ந்து பார்த்தாய்,
பாட்டிலுக்காக இல்லை.

"லேப்லயே மறந்துட்டேம்மா."